கருத்தரிப்பு சிகிச்சையின் நடுவே ரிப்போர்ட்டில் ஒட்டுண்ணி: அடுத்து என்ன செய்வது?

கருத்தரிப்பு சிகிச்சைக்குப் போகும் தம்பதிக்கு, அதுவரை வாழ்நாளில் எடுக்காத பரிசோதனைகள் எல்லாம் ஓரிரு மாதங்களுக்குள் எடுக்கப்படும். ரத்தம், சிறுநீர், விந்து, கருப்பை வாய்ச் சுரப்பு, ஸ்கேன், சில சமயம் கருப்பை உட்சவ்விலிருந்து கிள்ளி எடுத்த சிறு துணுக்கு. இத்தனை இடங்களில் துழாவினால், யாரும் தேடாத ஏதாவது ஒன்று அகப்படத்தான் செய்யும். அப்படி அகப்படுவதில் ஒட்டுண்ணிகளும் உண்டு. பலருக்கு எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. திடீரென்று ரிப்போர்ட்டில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். அன்று இரவு முழுக்க அந்தப் பெயரை வலையில் தேடிப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இப்படிக் கிடைக்கும் ஒட்டுண்ணிகளில் பெரும்பாலானவை மாத்திரையில் போய்விடக்கூடியவை. ஆனால் வேலைகளை வரிசை மாற்றிச் செய்தால் சிக்கல் வரும். கரு கருப்பைக்குள் போனபிறகு கொடுக்க முடியாத மருந்துகள் இருக்கின்றன. கருமுட்டை எடுக்க ஊசி குத்திய பிறகு தெரிந்து பயனில்லாத கட்டிகளும் இருக்கின்றன. அதனால் எது முதலில், எது பிறகு என்பதுதான் இங்கே முக்கியம்.

முதலில்: அது ஒட்டுண்ணிதானா?

பலர் இதில்தான் இடறுகிறார்கள். ரிப்போர்ட்டில் புரியாத பெயர் எது வந்தாலும் "பூச்சி இருக்கிறது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். கேண்டிடா என்பது பூஞ்சை. கிளமிடியா, மைகோபிளாஸ்மா, யூரியாபிளாஸ்மா, கார்ட்னரெல்லா எல்லாம் பாக்டீரியா. கருப்பையையும் கருக்குழாயையும் பாதிக்கும் காசநோயும் பாக்டீரியாதான். இவற்றுக்கான மருந்து வேறு, காத்திருக்கும் காலமும் வேறு. டார்ச் என்று எழுதித் தரும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பில் ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் ஆகியவை வைரஸ்கள். அதில் முதலில் வரும் டாக்ஸோபிளாஸ்மா மட்டும்தான் வழக்கமாகப் பார்க்கப்படும் ஒட்டுண்ணி.

பெயர் ஒட்டுண்ணியுடையதுதான் என்று உறுதியானால், டாக்டரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது. அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும்.

1. எந்த மாதிரியில் கிடைத்தது? மலத்தில் கிடைத்த புழு முட்டையும் கருப்பை உட்சவ்வில் கிடைத்த புழு முட்டையும் ஒன்றல்ல.

2. எந்த முறையில் கண்டுபிடித்தார்கள்? நேராக நுண்ணோக்கியில் பார்த்தார்களா, பி.சி.ஆர் போன்ற மரபணுப் பரிசோதனையா, ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருளா?

3. தொற்று இப்போது உயிரோடு இருக்கிறதா, பழையதன் தடயமா? எதிர்ப்பொருள் என்பது உடம்பின் நினைவு. கிருமி போய்ப் பல ஆண்டுகள் ஆனபின்னும் அது ரத்தத்தில் இருக்கும்.

4. இதனால் நம் சிகிச்சையில் என்ன மாறுகிறது? ஒன்றும் மாறாது என்பதும் சரியான பதில்தான். அதைக் கேட்டு ஏமாற்றம் அடைய வேண்டாம்.

ட்ரைக்கோமோனாஸ் என்று வந்தால்

கருத்தரிப்பு மையங்களில் ஒட்டுண்ணி என்று பேச்சு வந்தால் அதிகம் அடிபடும் பெயர் இதுதான். ஒற்றைச் செல் உயிரி, உடலுறவால் பரவுவது. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2020-ல் மட்டும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடம் சுமார் 15.6 கோடிப் புதிய தொற்றுகள். ஆகவே இது ஏதோ அபூர்வமான நோய் என்றோ, 'அப்படிப்பட்டவர்களுக்கு' மட்டும் வருவது என்றோ நினைக்க வேண்டியதில்லை.

தொற்று உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது. பெண்களுக்குச் சில சமயம் நுரைத்த, மஞ்சள் கலந்த வெள்ளைப்படுதல், அரிப்பு, துர்நாற்றம் இருக்கலாம். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. விந்துப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் அதிகம் என்று வந்து, அதைத் துருவும்போது அகப்படுவதுண்டு.

இங்கே பரிசோதனை முறை முக்கியம். சுரப்பை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்து நேராகப் பார்க்கும் முறை எளியது, உடனே முடிவு தெரியும். ஆனால் அந்த உயிரி அசைவதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். நேரம் போகப் போக அசைவு நின்றுவிடும், அப்புறம் அதுவும் ஒரு வெள்ளையணுப் போலத்தான் தெரியும். அதனால் தொற்று உள்ளவர்களில் பாதிப்பேரைக்கூட இந்த முறை தவறவிட்டுவிடலாம். ஒருவருக்குப் பாசிட்டிவ் வந்து, இணையருக்கு இந்த எளிய முறையில் நெகட்டிவ் வந்தால், "எனக்கு இல்லை" என்று அவர் ஒதுங்கக்கூடாது. இருவருக்கும் ஒரே நேரத்தில் மருந்து என்பதுதான் விதி.

மெட்ரோனிடசோல்தான் வழக்கமான மருந்து. பெண்களுக்கு 500 மி.கி. வீதம் நாளுக்கு இரண்டு வேளை 7 நாள், ஆண்களுக்கு 2 கிராம் ஒரே தடவை என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல். உங்கள் டாக்டர் வேறு அளவு தரலாம். அவர் சொல்வதைக் கேளுங்கள். இருவரும் மருந்தை முடித்து, அறிகுறிகளும் அடங்கும்வரை உறவு வேண்டாம். மறுதொற்று சர்வ சாதாரணம் என்பதால் பெண்களுக்கு 3 மாதத்துக்குள் மறுபரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். சிகிச்சை அவசரத்தில் அதற்கு முன்பே பி.சி.ஆர் எடுத்துப் பார்க்க நினைத்தால் 3 வாரமாவது பொறுக்க வேண்டும். செத்த கிருமியின் மரபணுத் துணுக்குகள் அதுவரை மிச்சமிருந்து, பொய்யாகப் பாசிட்டிவ் காட்டக்கூடும்.

இதுதான் குழந்தையின்மைக்குக் காரணமா? ட்ரைக்கோமோனாஸுக்கும் இடுப்புக்குழி அழற்சி, கருக்குழாய்ப் பாதிப்பு, விந்தணு அசைவுக் குறைவு ஆகியவற்றுக்கும் தொடர்பு காட்டிய ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் ஒரு தம்பதியைக் காட்டி 'இதனால்தான்' என்று விரலை நீட்ட முடியாது. இருந்தும் மருந்து எடுத்தே ஆக வேண்டும். கர்ப்பகாலத்தில் இந்தத் தொற்று குறைப்பிரசவத்தோடும் எடைக் குறைந்த குழந்தையோடும் தொடர்புடையது. தவிர, கருமுட்டை எடுக்கும் ஊசி யோனிச் சுவர் வழியாகத்தான் போகிறது. தொற்று இருக்கும் இடத்தின் வழியே ஊசி செலுத்த எந்த டாக்டரும் விரும்பமாட்டார்.

இன்னொரு விஷயம், மருத்துவமனையில் பலரும் சொல்லத் தயங்குவது. இந்த ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் சண்டை வரும். "யாரிடமிருந்து வந்தது?" என்ற கேள்வி வரும். இந்த உயிரி அறிகுறி இல்லாமல் மாதக்கணக்கில், சிலரிடம் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கக்கூடியது. திருமணத்துக்கு முந்தைய காலத்திலிருந்துகூட வந்திருக்கலாம். எப்போது தொற்றியது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். முடிந்தால் இருவரும் சேர்ந்தே டாக்டர் அறைக்குள் போங்கள்; ஒருவர் கேட்டு வந்து இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் பாதி விபரீதம் நடக்கிறது.

டாக்ஸோபிளாஸ்மா: பயம் அதிகம், வேலை குறைவு

டார்ச் ரிப்போர்ட்டில் 'டாக்ஸோ ஐ.ஜி.ஜி பாசிட்டிவ்' என்று பார்த்ததும் பூனையை வீட்டைவிட்டு விரட்டியவர்கள் உண்டு. பாவம், பூனை. ஐ.ஜி.ஜி (நீண்டகாலம் தங்கும் எதிர்ப்பொருள்) மட்டும் பாசிட்டிவ், ஐ.ஜி.எம் (தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் எதிர்ப்பொருள்) நெகட்டிவ் என்றால் எப்போதோ தொற்று வந்து போயிருக்கிறது, உடம்புக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று பொருள். கருத்தரிக்கப் போகிறவருக்கு இது நல்ல செய்தி. நோய் எதிர்ப்பு இயல்பாக உள்ள பெண்ணுக்கு இதனால் குழந்தைக்கு ஆபத்து வருவது மிக மிக அரிது. மருந்து வேண்டாம். ஐ.ஜி.ஜி வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும் என்பதால் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதிலும் அர்த்தமில்லை. இந்த முடிவுக்கு மாத்திரை எழுதப்பட்டால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இரண்டும் நெகட்டிவ் என்றால் தொற்று வந்ததே இல்லை. கர்ப்பகாலத்தில் முதல் தடவையாக வந்தால்தான் ஆபத்து என்பதால் இவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடுவது, காய்கறி பழங்களைக் கழுவுவது, மண்ணில் வேலை செய்யும்போது கையுறை. பூனையின் கழிவில் வெளியேறும் முட்டைகள் தொற்றும் தன்மை பெற ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே கழிவுத் தட்டை தினமும் சுத்தம் செய்தாலே பெரும்பகுதி ஆபத்து நீங்கிவிடும், அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்தால் இன்னும் நல்லது.

ஐ.ஜி.எம் பாசிட்டிவ் வந்தால் மட்டும் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அது புதிய தொற்றாக இருக்கலாம். ஆனால் ஐ.ஜி.எம் சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும், பொய்ப் பாசிட்டிவும் வரும். இரண்டும் பாசிட்டிவ் என்றால் அவிடிட்டி என்ற பரிசோதனை உதவும். எதிர்ப்பொருள் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பதை அது அளக்கிறது. இறுக்கம் அதிகம் என்றால் தொற்று வந்து குறைந்தது 3, 4 மாதம் ஆகிவிட்டது. இறுக்கம் குறைவு என்பதை வைத்து மட்டும் புதிய தொற்று என்று முடிவுகட்ட முடியாது. அது நீண்ட காலம் குறைவாகவே இருக்கலாம். ஐ.ஜி.எம் மட்டும் தனியாகப் பாசிட்டிவ் என்றால் 2, 3 வாரம் கழித்து அதே லேபில் மறுபடி எடுப்பார்கள். வேறு லேபில் எடுத்தால் எண்களை ஒப்பிட முடியாது. புதிய தொற்று என்று உறுதியானால் கருவை வைப்பதைச் சுமார் 6 மாதம் தள்ளிப்போடச் சொல்வது வழக்கம்.

ஒரு குறிப்பு: அடுத்தடுத்துக் கருக்கலைவதற்குக் காரணம் தேடும்போதெல்லாம் டார்ச் எழுதித் தருகிறார்கள். அதற்கு இந்தப் பரிசோதனை பெரிதாக உதவுவதில்லை என்பதுதான் இன்றைய நிலைப்பாடு.

ஷிஸ்டோசோமா: ஆற்றிலும் ஏரியிலும் குளித்த வரலாறு

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், மற்றவை பெரும்பாலும் குழந்தையின்மைக்குப் பக்கத்தில் நிற்பவை. இது நேராகவே காரணமாக இருக்கக்கூடியது. ஷிஸ்டோசோமா ஹெமடோபியம் என்ற புழு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் மத்தியக் கிழக்கின் சில பகுதிகளிலும் நன்னீர்நிலைகளில் பரவுகிறது. 2013 வாக்கில் பிரான்ஸின் கோர்சிகா தீவில், காவு ஆற்றில் குளித்தவர்களுக்கும் வந்தது. நத்தையிலிருந்து வெளியேறும் இளம் புழுக்கள் நீரில் நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய், கடைசியில் சிறுநீர்ப்பையையும் இடுப்பு உறுப்புகளையும் சுற்றியுள்ள ரத்தக்குழாய்களில் ஆணும் பெண்ணுமாகக் குடியிருக்கும். ஆண்டுக்கணக்கில் முட்டையிடும். பாதி முட்டை சிறுநீரோடு போகும். மீதி கருப்பை வாய், கருக்குழாய், சினைப்பை, விந்துப்பை, புராஸ்டேட் என்று எங்கெங்கோ சிக்கிக்கொள்ளும். கெடுதல் செய்வது புழுவைவிட அந்த முட்டைகளைச் சுற்றி உடம்பு கட்டும் அழற்சி முடிச்சுகள்தான். கருக்குழாயில் தழும்பு விழுந்தால் அடைப்பு. முழுதாக அடைக்காமல் குறுகினால், குழாயிலேயே கரு தங்கும் ஆபத்து.

பெண் பிறப்புறுப்பில் இந்த நோய் உள்ளவர்கள் உலகில் சுமார் 5.6 கோடிப் பேர் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் மதிப்பீடு. அவர்களில் பலருக்குப் பால்வினை நோய் என்று சொல்லி வேறு மருந்து கொடுத்திருப்பார்கள். ஆண்களுக்கு விந்தில் ரத்தம் தெரியலாம்.

நீங்கள் இப்பகுதிகளில் வளர்ந்தவரோ, வேலை பார்த்தவரோ, சுற்றுலா போய் மலாவி ஏரி போன்ற இடத்தில் ஒருமுறை நீந்தியவரோ என்றால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய பயணமானாலும் சொல்லுங்கள். கருத்தரிப்பு டாக்டர்களில் பலர் இதைத் தம் தொழிலில் பார்த்தே இருக்கமாட்டார்கள். நீங்கள் சொல்லும் ஒரு வரிதான் அவர்களுக்குத் துப்பு.

சிறுநீரில் முட்டை தேடுவதென்றால் காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை பிடித்த சிறுநீர் நல்லது. அந்த நேரத்தில்தான் முட்டை அதிகம் வெளியேறும். காலையில் எழுந்ததும் பிடித்துக் கொடுத்துவிட்டு நெகட்டிவ் என்று நிம்மதி அடைய வேண்டாம். மருந்து பிராசிகுவாண்டெல், உடல் எடைக்கு ஏற்ப, பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். அது வளர்ந்த புழுவைக் கொல்லும், இளம் புழுவை அவ்வளவாகக் கொல்லாது. அதனால் கடைசியாக நீரில் இறங்கி 6 முதல் 8 வாரம் ஆனபின் கொடுப்பார்கள், தேவைப்பட்டால் திரும்பவும் கொடுப்பார்கள்.

இரண்டு விஷயங்களில் எதிர்பார்ப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். மருந்து புழுவைக் கொல்லும். விழுந்த தழும்பை அழிக்காது. குழாய் அடைத்திருந்தால் அது அடைத்ததுதான், ஐ.வி.எஃப் (உடலுக்கு வெளியே கருவாக்கும் முறை) தேவைப்படலாம். குழாயில் நீர் கோத்திருந்தால் கருவை வைக்கும் முன் அந்தக் குழாயை எடுக்கவோ கட்டவோ சொல்வார்கள். அப்புறம், சிகிச்சைக்குப் பிறகு எடுத்த சதைத் துணுக்கிலும் முட்டை தெரியலாம். சுண்ணாம்பு படிந்த பழைய முட்டைகள் பல ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். முட்டை உயிருள்ளதா என்று நோய்க்குறியியல் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். இந்த நோய் இருந்தவருக்குக் கர்ப்பம் தரித்தால், கரு கருப்பைக்குள்தான் இருக்கிறதா என்று ஆரம்பத்திலேயே ஸ்கேன் பார்ப்பது அவசியம்.

ஊசி குத்துமுன் தெரிய வேண்டிய ஒன்று

ஸ்கேனில் சினைப்பை அருகே நீர்க்கட்டி. கருமுட்டை எடுக்கும் அன்றே ஊசியால் உறிஞ்சிவிடலாம் என்பது வழக்கம். மிக அரிதாக அது ஹைடாடிட் கட்டியாக இருந்தால்? நாய்களின் குடலில் வாழும் எக்கினோகாக்கஸ் நாடாப்புழுவின் இளம் பருவம் மனித உடலில் கட்டும் பை அது. கல்லீரலிலும் நுரையீரலிலும்தான் அதிகம், இடுப்புக்குழியில் மிக அரிது. ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் குத்தினால் உள்ளிருக்கும் திரவம் கசிந்து உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம், புழுவும் வயிற்றுக்குள் பரவலாம். ஆடு மேய்க்கும் பகுதியில் நாய்களோடு வளர்ந்தவர், முன்பு கல்லீரல் கட்டி என்று சொல்லப்பட்டவர், ஸ்கேனில் 'கட்டிக்குள் குட்டிக் கட்டிகள்' என்று எழுதப்பட்டவர், ஊசிக்கு முன் வாய் திறந்து சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையும் கல்லீரல் ஸ்கேனும் சேர்த்தால் பெரும்பாலும் தெளிவாகிவிடும்.

ஸ்டீராய்டு எழுதித் தந்தால்

கரு ஒட்டவில்லை என்று பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டைச் சில மையங்கள் சேர்த்துத் தருகின்றன. வழக்கமாக எல்லோருக்கும் அதைத் தருவதை ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கம் 2023-ல் வெளியிட்ட பரிந்துரைகள் ஏற்கவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு உடம்புக்குள்ளேயே தன்னைப் பெருக்கிக்கொண்டு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் வாழும். அது இருப்பவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் புழு கட்டுக்கடங்காமல் பெருகி உயிரையே எடுக்கலாம். வெப்பமண்டலப் பகுதியில் வெறுங்காலோடு மண்ணில் நடந்து வளர்ந்தவர் யாராக இருந்தாலும், ஸ்டீராய்டு தொடங்கும் முன் இந்தப் புழுவுக்கு ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேட்கலாம். ஒருமுறை மலம் பார்த்து இல்லை என்றால் போதாது. ஐவர்மெக்டின் கொடுத்தால் சரியாகிவிடும். ஆனால் அதைக் கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

மற்றவை சுருக்கமாக

யானைக்கால் புழு விரைப்பை நிணநாளங்களில் குடியிருந்தால் ஆணின் ஸ்கேனில் நெளியும் அசைவாகவே தெரியும். விரையைச் சுற்றி நீர் கோப்பதும் இதன் வேலைதான். இரத்தத்தில் நுண்புழு தேடுவதென்றால் பல பகுதிகளில் இரவு 10 மணிக்குமேல்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ஆன்டிஜன் அட்டைப் பரிசோதனையைப் பகலிலும் செய்யலாம். இந்தப் புழுவுக்குத் தரும் டி.இ.சி மருந்து கர்ப்பத்தில் கூடாது.

நூல்புழு சில சமயம் ஆசனவாயிலிருந்து ஊர்ந்து யோனி வழியாக மேலே போய்விடும். கருப்பை வாய்ச் சுரப்பில் அதன் முட்டை தெரிந்தால் பெரும்பாலும் பக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். ஆல்பெண்டசோல் ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை, வீட்டில் எல்லோருக்கும்.

கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சி இரும்புச்சத்தைக் குறைக்கும். ஹீமோகுளோபின் குறைவாக இருந்து, இரும்பு மாத்திரையாலும் ஏறவில்லை என்றால் மலப் பரிசோதனை கேளுங்கள். மலத்தில் பிளாஸ்டோசிஸ்டிஸ் (குடலில் வாழும் ஒற்றைச் செல் உயிரி) என்று மட்டும் வந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

மலேரியாவில் இரண்டு விஷயம். கடும் காய்ச்சல் வந்த ஆணின் விந்தணு எண்ணிக்கை அடுத்த இரண்டு மூன்று மாதம் குறைந்திருக்கலாம். ஒரு விந்தணு உருவாகவே 70 நாளுக்குமேல் ஆகும் என்பதால் 3 மாதம் கழித்து மறுபடி பார்த்தபின் முடிவெடுங்கள். பெண்ணுக்கு விவாக்ஸ் மலேரியா வந்திருந்து, கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லும் பிரிமாகுவின் முடிக்கவில்லை என்றால், கருவை வைக்கும் முன் முடித்துவிட வேண்டும். கர்ப்பத்தில் அந்த மருந்து தரமாட்டார்கள்.

மெக்ஸிகோவிலிருந்து தென் அமெரிக்கா வரை உள்ள நாடுகளில் பிறந்தவர்களும், அங்கே பிறந்த தாயின் பிள்ளைகளும் சாகஸ் நோய்க்கு ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் குடிக்கும் ஒரு பூச்சியின் கழிவு வழியாக வரும் ஒட்டுண்ணி நோய், தாயிடமிருந்து குழந்தைக்குப் போகக்கூடியது. கர்ப்பத்துக்கு முன்பே பெண்ணுக்கு மருந்து கொடுத்துவிட்டால் குழந்தைக்குப் பரவுவது வெகுவாகத் தடுக்கப்படுகிறது. கர்ப்பம் ஆனபின் அந்த மருந்து கிடையாது.

இயோசினோபில் கூடியிருந்தால்

ரத்தத்தில் இயோசினோபில் என்ற வெள்ளையணு வகை 500-க்கு மேல் இருந்தால் உடனே புழு என்று முடிவுகட்டுவார்கள். ஒவ்வாமை, ஆஸ்துமா, சில மருந்துகள்கூடக் காரணமாகலாம். எண்ணெயில் கரைத்த புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டவர்களில் அரிதாகச் சிலருக்கு இயோசினோபில் ஏறி நுரையீரல் அழற்சி வந்ததும் பதிவாகியிருக்கிறது. அந்த ஊசி போடும் நாட்களில் இருமல், மூச்சுத்திணறல், காய்ச்சல் வந்தால் புழுமருந்தைத் தேடாமல் டாக்டரைத் தேடுங்கள்.

நாட்காட்டியை எப்படிப் போடுவது

கண்டுபிடித்தது சிகிச்சை தொடங்கும் முன் என்றால் எளிது. முதலில் மருந்து, பிறகு மறுபரிசோதனை, அப்புறம் சிகிச்சை. பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம் போகும். வயது நெருக்குகிறவர்களுக்கு அந்த ஓரிரு மாதமும் பாரமாகத் தெரியும் என்பது புரிகிறது.

ஹார்மோன் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது ரிப்போர்ட் வந்தால் நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள். பல சமயம் கருமுட்டையை எடுத்துக் கருவாக்கி உறைய வைத்துவிட்டு, நிதானமாக மருந்து முடித்து, பிறகு கருவை வைக்க முடியும். உறைந்த கருவுக்கு வயது ஏறாது. என்னைக் கேட்டால், சந்தேகம் இருக்கும் பெரும்பாலான நிலைகளில் இந்த வழிதான் மேல். எடுப்பதற்கு முன்பே தொற்றைச் சரிசெய்தாக வேண்டுமா, எடுத்தபின் போதுமா என்பதை டாக்டர் ஒட்டுண்ணியைப் பொறுத்துச் சொல்வார்.

ஆல்பெண்டசோல், ஐவர்மெக்டின், டி.இ.சி போன்றவற்றைத் தொடங்கும் நாளில் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சிகிச்சைக்கு இடைவெளி விட்ட மாதத்தில் இயல்பாகக் கரு தங்குவது நடக்கிற விஷயம்தான். மருந்து முடிந்தபின் எவ்வளவு நாள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். மெட்ரோனிடசோலும் பிராசிகுவாண்டெலும் கர்ப்பத்திலும் தரப்படுபவை. அதனால் அவற்றைச் சாப்பிட்ட மாதத்தில் கரு தங்கிவிட்டால் கலங்க வேண்டாம். விந்தணுவைக் கழுவிப் பயன்படுத்துவதால் தொற்று போய்விடும் என்பது தவறு. கழுவுவது மருந்துக்கு மாற்றல்ல.

செய்யக்கூடாதது

'ஒட்டுண்ணி சுத்திகரிப்பு' என்று விற்கப்படும் மூலிகைப் பொடிகள், சொட்டுமருந்துகள். கருத்தரிக்க முயலும் பெண்களைக் குறிவைத்தே இவை விளம்பரம் செய்யப்படுகின்றன. குடித்தபின் கழிவில் நீளநீளமாக வருவதைப் புழு என்று படம் போடுகிறார்கள். பெரும்பாலும் அது குடலின் சளியும் அந்தப் பொடியின் நாருமே. இவற்றில் சேர்க்கப்படும் மாசிபத்திரி இனம் போன்ற சில செடிகள் கர்ப்பத்துக்கு ஆகாதவை. கருவை வைத்தபின் கர்ப்பப் பரிசோதனை வரையிலான இரண்டு வாரக் காத்திருப்பில் இருப்பவர் இதைத் தொடவே கூடாது.

புழு இருந்தால் குழந்தை பிறக்காது என்ற அவர்களின் வாதமும் நிற்காது. பொலிவியாவின் சிமானே பழங்குடிப் பெண்களிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், கொக்கிப்புழு உள்ளவர்களுக்குக் குழந்தைகள் குறைவாகவும், உருண்டைப்புழு உள்ளவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது தெரிந்தது. இதைப் படித்துவிட்டு உருண்டைப்புழுவை யாரும் வரவேற்க வேண்டாம். எந்தப் புழு என்று தெரியாமல் பேசுவதில் பயனில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கர்ப்பம் உறுதியானபின்

கருத்தரிப்பு மையத்திலிருந்து மகப்பேறு டாக்டரிடம் மாறும்போது பழைய ரிப்போர்ட்டுகள் பல சமயம் கூடவே போவதில்லை. எந்த ஒட்டுண்ணி, எந்தத் தேதியில் கண்டுபிடித்தது, எந்த மருந்து எவ்வளவு, மறுபரிசோதனை முடிவு என்ன என்று ஒரு தாளில் எழுதி, அசல் ரிப்போர்ட்டின் நகலோடு கொடுங்கள். ட்ரைக்கோமோனாஸ் இருந்தவர் கர்ப்பகாலத்தில் திரும்பவும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. டாக்ஸோ இரண்டும் நெகட்டிவ் என்றவருக்கு இடையில் மறுபடி ரத்தம் எடுப்பதா என்பதை அந்த டாக்டர் முடிவுசெய்வார். சாகஸ் இருந்த தாய் என்றால், மருந்து எடுத்திருந்தாலும் பிரசவ அறைக்கும் குழந்தை டாக்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். குழந்தைக்குப் பிறந்தவுடன் ரத்தம் பார்ப்பார்கள். அப்போது இல்லை என்று வந்தாலும், தாயின் எதிர்ப்பொருள் மறைந்தபின், 9 மாதம் கடந்து இன்னொரு தடவை பார்க்க வேண்டும். தொற்று இருந்து முதல் ஆண்டுக்குள் மருந்து கொடுத்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் முழுதாகக் குணமாகிவிடுகிறது. அந்த இரண்டாவது பரிசோதனைத் தேதியைத் தடுப்பூசி அட்டையிலேயே குறித்து வைத்துவிடுங்கள்.